உடையாத சீல்

பைனலில் அஸ்வினிக்குக் கை நடுங்கிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவள் சொன்னாள். டீக்கடையில் யாரோ சொன்னதாகப் பால்காரர் வந்து சொன்னார். துப்பாக்கியைப் போட்டோவில்கூடப் பார்த்திராத காக்களூர்க்காரர்கள் எல்லாம் மூச்சை எப்படி இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்கே பாடம் எடுத்தார்கள். அவள் புருஷன் பரணிதரனும் அதைத்தான் சொன்னான். ஆனால் அவன் சொன்ன விதம் வேறு. தோளில் கை போட்டுக்கொண்டு, குரலைத் தணித்துச் சொன்னான்.

"துப்பாக்கில ஒரு கொறையும் இல்ல அஸ்வி. சீலு அப்டியே கீது பாரு. உனக்குத்தான் கொஞ்சம் டென்ஷன் ஆயிடுச்சி. வுடு."

அவள் விட்டுவிட்டாள். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியே பழகியிருந்தாள்.

போனது சாதாரண மெடல் இல்லை. மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்திருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு மத்திய அரசு வேலைக்கு அவள் மனுப் போட்டிருக்கலாம். இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பம்ப்புக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. செய்த சாமானை அளந்து பார்த்து, தேறுமா தேறாதா என்று பிரித்துப் போட வேண்டும். வருஷம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முன்பின் தெரியாத ஆளைச் சேர்ப்பதுபோல மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். இந்தக் கூத்திலிருந்து தப்பிக்க இருந்த ஒரே வழி அந்த வேலை. அதற்கான வயது வரம்பு அவளுக்கு இந்த வருஷத்தோடு முடிகிறது. வந்தது நாலாவது இடம். நாலாவது இடம் மாதிரி ஒரு பாழாய்ப்போன இடம் உலகத்தில் உண்டா? ஐம்பதாவதாக வந்தவள்கூட அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

அஸ்வினி பழவேற்காட்டுக் குப்பத்துப் பெண். அப்பா துலுக்காணம் ஏரியில் வலை போடுகிறவர். பொன்னேரிக் காலேஜில் என்.சி.சி.யில் சேர்ந்தபோதுதான் முதன்முதலாகத் துப்பாக்கியைத் தொட்டாள். தொட்டதுமே தெரிந்துவிட்டது, இது தன் கைக்கு வந்த சாமான் என்று. பிறகு அத்தை மகன் பரணிதரனைக் கட்டிக்கொண்டு காக்களூர் வந்தாள். அவன் அங்கே தொழிற்பேட்டை எஸ்டேட்டில் கேஸ் வால்வு செய்கிற ஒரு சின்ன யூனிட்டில் ஃபிட்டர். சும்மா சொல்லக்கூடாது, கல்யாணமான புதிதில், "துப்பாக்கிய வுட்றாத அஸ்வி" என்று சொன்னதே அவன்தான். திருவள்ளூரில் கிளப் நடத்துகிற ராபின் சாரிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியதும் அவன்தான்.

ராபின் சார் ஒரு பழைய ஏர் ரைஃபிளைக் கை மாற்றி வாங்கிக் கொடுத்தார். குழலுக்குக் கீழே காற்றடைத்த சிலிண்டர். அந்தக் காற்றுதான் குண்டைத் தள்ளும். அதில் ஒரு பேஜாரு இருந்தது. காற்று நிறைய இருக்கும்போது குண்டு வேகமாகப் போய்க் கொஞ்சம் மேலே தைக்கும். சுடச்சுடக் காற்று குறையும், குண்டும் கீழே இறங்கும். நடுப்புள்ளி கடுகு அளவுகூட இல்லாத விளையாட்டில் இது போதாதா உயிரை வாங்க? குறி சரி, கை சரி, மூச்சு சரி, குண்டு மட்டும் அதன் இஷ்டத்துக்குப் போகும். ஒருநாள் அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டே அவள் இதைச் சொல்லிப் புலம்பினாள். கதவில் சாய்ந்து நின்ற பரணிதரன் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேஸு ரொம்பி இருந்தாலும் தீரப் போனாலும் அடுப்புல தீ ஒரே மாதிரிதான எரியுது? எத்தால?" என்றான்.

ரெகுலேட்டரால். அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் பைக்கை எடுத்துக்கொண்டு யூனிட்டுக்குக் கிளம்பிவிட்டான்.

ஷிஃப்ட் முடிந்த பிறகு முதலாளியிடம் கேட்டு லேத்தில் நின்று, கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளை ரெகுலேட்டரை அவனே கடைந்தான். சிலிண்டரில் எவ்வளவு காற்று இருந்தாலும் குண்டுக்குப் பின்னால் ஒரே அளவுதான் போய்ச் சேரும். அந்த அளவு வந்ததும் உள்ளே சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு நைலான் பட்டன் வழியை அடைத்துக்கொள்ளும். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அவன் முதலில் செய்த பட்டன் சரியாக அடைக்கவில்லை. குழாயை இறுக்கி மூடியும் நுனியில் சொட்டிக்கொண்டே இருக்குமே, அதுபோலக் காற்று கசிந்துகொண்டிருந்தது. தொடர்ந்து சுட்டால் ஒன்றும் தெரியாது. கொஞ்சநேரம் நிறுத்திவிட்டுச் சுட்டால், அதற்குள் காற்று கூடிப்போய்க் குண்டு மேலே ஏறிவிடும். யூனிட்டில் இதை 'ஊறுது' என்பார்கள். அந்த வார்த்தை வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. அவன் ஒவ்வொரு பட்டனாக மாற்றிப் போடுவான், அவள் சுட்டுப் பார்த்து, "ஊறுது மாமா" என்பாள். மறுபடி போடுவான். மறுபடி ஊறும். எத்தனையோ பட்டன் குப்பைக்குப் போன பிறகு ஒன்று அமைந்தது. எவ்வளவு நேரம் காத்திருந்து சுட்டாலும் குண்டு போன ஓட்டையிலேயே போனது. அன்றைக்கு இரண்டு பேரும் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பைத்தியம்போலச் சிரித்தார்கள்.

முதல் பட்டனை மட்டும் அவன் குப்பையில் போடவில்லை. முதல் உருப்படி சாமிக்கு என்று சொல்லி, அந்த ஆயுத பூஜைக்கு அவன் அம்மா அங்காளம்மாள் அதை வாங்கி மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அம்மன் படத்துக்குக் கீழே வைத்துவிட்டாள். தினம் விளக்கேற்றும்போது அதற்கும் ஒரு பூ கிடைத்தது.

நல்ல பட்டனைப் போட்டு ரெகுலேட்டரை மூடிய அன்று, அவன் அவளுடைய நெயில் பாலிஷைக் கேட்டான். திருகின் தலையும் உடம்பும் சேருகிற இடத்தில் ஒரு சொட்டு வைத்தான். செங்கல் நிறச் சொட்டு. அவன் யூனிட்டில் வெளியே போகிற ஒவ்வொரு வால்வுக்கும் அப்படித்தான் வைப்பார்கள். சொட்டு வைக்காத சாமானை மேசையை விட்டு எடுக்கவே அவன் கை வராது.

"இது ஒடஞ்சா எவனோ கை வெச்சிட்டான்னு அர்த்தம். ஒடையலனா உள்ள இன்னா கீதுன்னு நீ நெனச்சிப் பாக்கவே வேணாம்" என்றான்.

அவளும் நினைத்துப் பார்க்கவே இல்லை. ரைஃபிளைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதெல்லாம் கட்டைவிரலால் அந்தச் சொட்டைத் தடவிப் பார்ப்பாள். தாலியைத் தொட்டுக்கொள்கிற மாதிரி அது தன்னால் வந்துவிடும். ஸ்கோர் ஏறியது. கிளப்பில் மற்றவர்களும் தங்கள் துப்பாக்கிக்கு ரெகுலேட்டர் கேட்டார்கள். பரணிதரன் 'ரெகுலேட்டர் பரணி' ஆனான். அவளைப் பற்றி யார் பேசினாலும் நடுவில் புகுந்து, "என் கை பட்ட துப்பாக்கி" என்பான். அவளுக்கு அதில் பெருமைதான். அரசு வேலை கிடைத்தால் முதலில் வடக்கே எங்கேயோ ஒரு வருஷம் முகாம், பிறகு போடுகிற ஊரில் வேலை என்று ராபின் சார் சொன்னபோது, எல்லோருக்கும் முன்னால், "போய்ட்டு வரட்டும் சார், நான் எங்க ஓடிடப் போறேன்" என்று சிரித்தவனும் அவன்தான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை பேருக்கு இப்படிப் புருஷன் வாய்க்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

போட்டிக்கு முந்தைய வாரம் கிளப்புக்குப் போக வேண்டாம், வீட்டிலேயே பழகு என்றான். கொல்லைப் பக்கம் காம்பவுண்டு ஓரமாகப் பத்து மீட்டர் அளந்து அவனே அட்டை கட்டியிருந்தான். பக்கத்தில் நின்றுகொண்டு, யோசிக்க யோசிக்கத்தான் கை ஆடும், சட்டு சட்டென்று சுடு என்று அவசரப்படுத்தினான். சுட்டாள். குண்டெல்லாம் ஒரே இடத்தில் போய் விழுந்தது.

சென்னையில் போட்டி. முதல் சுற்றில் அவரவர் வேகத்தில் சுடலாம். அஸ்வினிக்கு எப்போதுமே வேகக் கை. அத்தனை பேரில் இரண்டாவதாக வந்து பைனலுக்குப் போனாள். பைனல் அப்படி இல்லை. மைக்கில் ஒருவர் சொல்லுவார், எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு குண்டு சுட வேண்டும். பிறகு ஸ்கோரை வாசிப்பார்கள், கூட்டம் கை தட்டும், ஒருத்தி வெளியேறுவாள், மறுபடி மைக். இரண்டு குண்டுக்கு நடுவில் நிற்க வேண்டியதுதான். அவள் நின்றாள். சுட்டாள். மேலே போனது. கையைத்தான் சந்தேகப்பட்டாள். மூச்சைச் சரிசெய்து மறுபடி சுட்டாள், மறுபடி மேலே. குறியை ஒரு சின்னத் திருப்பு இறக்கி வைத்தாள். அந்தத் தடவை பார்த்து மைக் சீக்கிரம் கூப்பிட்டுவிட்டது, குண்டு கீழே போய் விழுந்தது. அதற்கு மேல் எதை நம்பி எதைத் திருப்புவது? பின்னால் பரணிதரன் விடாமல் கை தட்டிக்கொண்டிருந்தான். மூன்று பேர் மிச்சம் நிற்க, நாலாவது இடத்தோடு அவள் வெளியே வந்தாள்.

ராபின் சார் சும்மா இருக்கவில்லை. காற்று ஊறியிருக்குமோ என்று ரைஃபிளைக் கையில் வாங்கிப் பார்த்தார். பரணிதரன் செங்கல் நிறச் சொட்டைக் காட்டினான். "நான் வெச்ச சீலு சார். தொறக்கவே இல்ல. ஊறாது" என்றான். அவர் தலையாட்டிவிட்டு, பரவாயில்லைம்மா, பைனல் என்றால் எல்லோருக்கும் அப்படித்தான் என்று அஸ்வினியின் முதுகில் தட்டினார்.

அதற்குப் பிறகுதான் அவள் தன் கையைப் பார்க்க ஆரம்பித்தாள். கம்பெனியில் அளவுகோலைப் பிடிக்கும்போது விரல் ஆடுகிறதா என்று பார்த்தாள். காலையில் டீ டம்ளரில் தண்ணீர் ஊற்றி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு தண்ணீர் அசைகிறதா என்று பார்த்தாள். நிஜமாகவே அசைந்தது. பயந்து பயந்து பார்த்தால் யார் கைதான் ஆடாது? குடும்பத்தில் யாருக்காவது நரம்புக் கோளாறு உண்டா என்று அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டாள். துலுக்காணம் பதறிப்போய், உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டாள். தன் கையே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று அவள் நினைத்தாள். அதுதான் தாங்கவில்லை. யார் மேல் கோபப்படுவது? கையை வெட்டிப் போட முடியுமா?

கடைசியில் இனிமேல் சுடுவதில்லை என்று முடிவெடுத்து, கிளப்பில் தன்னோடு பழகுகிற கிறிஸ்டினாவிடம் ரைஃபிளை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். கிறிஸ்டினாவுக்குச் சொந்தத் துப்பாக்கி கிடையாது. பரணிதரனிடம் சொன்னபோது அவன், "குடு, ஆனா அடுத்த வாரம் குடு. நான் ஒரு தபா கழட்டித் தொடச்சித் தரேன்" என்றான். எவ்வளவு அக்கறை என்று அப்போதும் அவள் நினைத்தாள். அட, கூறு கெட்டவளே.

கிறிஸ்டினாவுக்கு அதுவரை பொறுக்க முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே காலையில் வந்து நின்றாள். பரணிதரன் மீன் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தான். கொடுப்பதற்கு முன்னால் கடைசியாக நாலு குண்டு சுட்டுப் பார்க்கலாம் என்று அஸ்வினி கொல்லைக்குப் போனாள். பழக்கம் விடவில்லை, சட்டு சட்டென்று சுட்டாள். எல்லாம் ஒரே ஓட்டை. அவளுக்கே சிரிப்பு வந்தது. யாரும் பார்க்காதபோது மட்டும் இந்தக் கைக்கு என்ன கொழுப்பு என்று கிறிஸ்டினாவிடம் சொன்னாள்.

அதற்குள் தெருவில் தண்ணி லாரி ஹாரன் அடித்தது. அங்காளம்மாள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். இரண்டு பேரும் ஓடிக் குடங்களை நிரப்பி வைத்துவிட்டு வந்தார்கள். அஸ்வினி மறுபடி ரைஃபிளை எடுத்துச் சுட்டாள். மேலே போனது. பைனலில் போன அதே இடம். ரைஃபிளைக் கிறிஸ்டினாவிடம் கொடுத்துவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண் காலை அகட்டி நின்று, நிதானமாகக் குறி பார்த்துச் சுட்டாள். அதுவும் மேலே. உடனே இன்னொன்று சுட்டாள். அது நேராக நடு ஓட்டைக்குப் போனது.

"எனக்கும் மொதல்ல மேலதான் போவுதுக்கா. என் கையுமா நடுங்குது?"

அஸ்வினி எழுந்தாள். ரைஃபிளை வாங்கி, சுவரில் சாய்த்து வைத்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேண்டுமென்றே நின்றாள். காகம் வந்து சுவரில் உட்கார்ந்துவிட்டுப் போனது. அப்புறம் எடுத்துச் சுட்டாள். மேலே. மறுபடி காத்திருந்தாள். மேலே. காத்திருக்காமல் சுட்டாள். நடு.

"ஊறுது" என்றாள். அத்தனை நாள் கழித்து அந்த வார்த்தை வாயில் வந்ததும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. கையில்லை. கை இல்லவே இல்லை. காற்றுதான்.

சொட்டைத் தடவிப் பார்த்தாள். உடையவில்லை. விளிம்புகூடப் பெயரவில்லை, அவ்வளவு சுத்தம். நல்ல பட்டனே தேய்ந்துபோயிருக்கும், பாவம், அவனுக்கே தெரிந்திருக்காது, தெரிந்தால் எவ்வளவு வருத்தப்படுவான் என்று அவன் மேல் இரக்கப்பட்டுக்கொண்டேதான் அவள் நகத்தால் அந்தச் சொட்டைச் சுரண்டினாள். சிலிண்டர் காற்றை வெளியே விட்டுவிட்டு, ரெகுலேட்டரைக் கழற்றித் தரையில் துணி விரித்து வைத்தாள். உள்ளேயிருந்து பட்டன் உருண்டு வந்தது.

வெள்ளையாக இருக்க வேண்டியது மஞ்சளாக இருந்தது. நைலானில் ஏறிய மஞ்சள் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஓரத்தில் ஒரு கீறல், அந்தக் கீறலுக்குள் நூல் மாதிரிக் குங்குமம்.

அவள் எழுந்து உள்ளே போனாள். அம்மன் படத்துக்குக் கீழே காய்ந்த பூ மட்டும் இருந்தது. அங்காளம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். இங்கே இருந்த பட்டன் எங்கே அத்தை என்று கேட்டதும், தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னாள்.

"அத பரணிதான எடுத்துக்கினு போனான், போட்டிக்கு முந்தி. நீ வேலைக்குப் போயிருந்த. துப்பாக்கிக்கு சாமி பலம் வேணும்னு சொன்னான். நான் கூட கற்பூரம் காட்டிக் குடுத்தேன். ஏன், தொலைச்சிட்டானா?"

தொலைக்கவில்லை அத்தை, பத்திரமாக இருக்க வேண்டிய இடத்தில்தான் வைத்திருக்கிறான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அஸ்வினி சுவரைப் பிடித்துக்கொண்டாள். திருடன் வந்து செய்திருந்தால் சொட்டு உடைந்திருக்கும். வேறு எந்தப் பாவி செய்திருந்தாலும் கோணல்மாணலாகப் பூசியிருப்பான். இவ்வளவு அழகாக, ஒரு பிசிறு இல்லாமல் அதே நிறத்தில் சொட்டு வைக்கிற கை இந்த உலகத்தில் ஒன்றுதான். துரோகம் செய்யும்போதுகூடச் சொட்டு வைக்காமல் மூட அந்தக் கைக்குத் தெரியவில்லை.

ரைஃபிளை இப்போது தர முடியாது என்று கிறிஸ்டினாவிடம் சொன்னாள். அந்தப் பெண் துணிமேல் கிடந்த மஞ்சள் பட்டனையும் அஸ்வினி முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வண்டியைக் கிளப்பினாள்.

பரணிதரன் மீன் பையோடு வந்தான். நேராகக் கொல்லைக்கு வந்தவன் துணியைப் பார்த்தான். பை கையிலேயே இருந்தது. கிறிஸ்டினா வந்தாளா என்று கேட்டான். அஸ்வினி மஞ்சள் பட்டனை வைத்திருந்த உள்ளங்கையை விரித்து நீட்டினாள். எத்தனையோ மறுப்பு அவள் எதிர்பார்த்து வைத்திருந்தாள். அவன் சத்தியம் செய்தால்கூட ஒருவேளை அரை மனதாக நம்பியிருப்பாள். அவன் மறுக்கவே இல்லை. முகம் மட்டும் வெளுத்தது.

"எதுக்கு?" என்றாள். மாமா என்று சொல்ல நாக்கு வரவில்லை.

அவன் மீன் பையைக் கீழே வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். "ஜெயிச்சா நீ பூடுவ அஸ்வி. தோத்தா இங்கதான இருப்ப" என்றான்.

"போவாதன்னு சொல்லியிருக்கலாமே. வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

சொன்னால் அவள் கேட்டிருக்க மாட்டாள் என்றான். எல்லோர் முன்னாலும் போகட்டும் என்று சொல்லிவிட்டு எப்படி மாற்றிப் பேசுவது என்றான். அவள் கேட்டிருப்பாளா மாட்டாளா என்பது அவளுக்கே தெரியாது. சண்டை போட்டிருப்பாள். நாலுநாள் பேசாமல் இருந்திருப்பாள். ஒருவேளை அழுதுவிட்டு இருந்தும்விட்டிருப்பாள். அதையெல்லாம் செய்ய அவளுக்கு ஒரு சந்தர்ப்பம்கூட அவன் கொடுக்கவில்லையே என்றுதான் நெஞ்சு எரிந்தது. அப்போதுதான் அவன் அதைச் சொன்னான். அவளைத் தேற்றுவதற்காகவே சொன்னான், அதுதான் கொடுமை.

"நீ அசிங்கமா தோத்துடக் கூடாதுன்னுதான் அந்தப் பட்டன வெச்சேன். அது எவ்ளோ ஊறும்னு எனக்குத் தெரியும். பைனல் வரைக்கும் வுட்டுடும். மூணாவது வராம, நாலாவது வந்தா போதும்னு அளவா பாத்துதான் வெச்சேன் அஸ்வி."

அவன் கோபத்தில் குருட்டுத்தனமாக எதையோ உடைத்திருந்தால்கூட மனுஷன் என்று விட்டிருப்பாள். இவன் அவள் தோல்வியை உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறான். எந்தச் சுற்று வரை போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்று ரெகுலேட்டருக்கு வைக்கிற மாதிரியே அவளுக்கும் அளவு வைத்திருக்கிறான். வைத்துவிட்டு, பின்னால் நின்று கை தட்டியிருக்கிறான். தட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து தோளில் கை போட்டு, உனக்குத்தான் டென்ஷன் என்றிருக்கிறான். டம்ளரில் தண்ணீர் வைத்துக் கையை நீட்டிக்கொண்டு அவள் நின்ற காலைகளில், எதிரே உட்கார்ந்து நாஷ்டா தின்றுகொண்டிருந்திருக்கிறான்.

"நான் என் கைய சந்தேகப்பட்டேன்" என்றாள். "எங்கப்பாவுக்குப் போன் போட்டு நரம்பு வியாதி இருக்குதான்னு கேட்டேன். நீ பக்கத்துலதான இருந்த?"

உள்ளே அரிசி களைகிற சத்தம் நின்றுபோயிருந்தது. அங்காளம்மாள் கதவருகே வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் மகனைத் திட்டவில்லை, மருமகளைச் சமாதானமும் செய்யவில்லை. "என் கையால கற்பூரம் காட்ட வெச்சியேடா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நல்ல பட்டன் எங்கே என்று அஸ்வினி கேட்டாள். அவன் பர்ஸைத் திறந்தான். அம்மன் படம் போட்ட சின்ன அட்டைக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறையில் வெள்ளை வெளேரென்று இருந்தது. கிறிஸ்டினாவிடம் கொடுப்பதற்கு முன்னால் மாற்றிவிடத்தான் இருந்தான். தடயமே இருந்திருக்காது. ஆயுசுக்கும் அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டே கிழவியாகியிருப்பாள்.

"போடு. என் எதுருல போடு."

அவன் உட்கார்ந்தான். அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். துடைத்தான், எண்ணெய் தொட்டான், பட்டனை வைத்தான், திருகினான். எவ்வளவு நல்ல கை! அந்த நேரத்திலும் அவளுக்கு அது தோன்றித் தொலைத்தது, தோன்றியதற்காகத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. சிலிண்டரில் காற்று ஏற்றிக் கொடுத்தான். அவள் புது அட்டையைக் கட்டிவிட்டு வந்து நின்றாள். ஒன்று சுட்டாள். பிறகு காத்திருந்தாள். பைனலில் நின்றதைவிட அதிகமாகவே நின்றாள். வெயில் தலையில் ஏறியது, பூனை ஒன்று மீன் பையை மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தது, அவன் அதை விரட்டக்கூட எழுந்திருக்கவில்லை. சுட்டாள். அட்டையில் ஓட்டை ஒன்றுதான் இருந்தது. மறுபடி காத்திருந்து சுட்டாள். மறுபடியும் ஒன்றுதான். கை அதுபாட்டுக்குச் சுவர் மாதிரி நின்றது.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கை நன்றாகத்தான் இருக்கிறது. அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது. அந்த மைக், அந்தக் கூட்டம், அந்த மெடல், அந்த வேலை எல்லாம் இந்தக் கைக்கு வரவேண்டியவை. இனி வயது திரும்பி வராது. ரைஃபிளைக் கீழே வைக்காமல், முகத்தைத் துடைக்காமல், நின்றபடியே அழுதாள். பரணிதரன் எழுந்து கிட்டே வந்தான். அவள் ஓரடி பின்னால் போனாள், அவன் அங்கேயே நின்றுவிட்டான்.

அழுது முடித்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ரைஃபிளைத் துணிமேல் வைத்தாள். மஞ்சள் பட்டனை எடுத்து அவன் சட்டைப் பையில் போட்டாள்.

"இத்த திரும்ப சாமிகிட்ட வெக்காத. உன்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். நாளைக்குக் கிளப்புக்குப் போய் ராபின் சாரிடம் சீல் எப்படி உடையாமல் இருந்தது என்று அவனே சொல்ல வேண்டும், அவன் சொல்லாவிட்டால் அவள் சொல்லுவாள் என்றாள். துப்பாக்கியைக் கிறிஸ்டினாவுக்குக் கொடுக்கப் போவதில்லை, வேலை இருக்கிறதோ இல்லையோ அடுத்த வருஷமும் சுடத்தான் போகிறாள் என்றாள். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். திட்டினால்கூடத் தேவலை என்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தான். அவள் திட்டவில்லை.

பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், வேலை முடிந்த இடத்தில் கை தானாகச் செய்வதை அவன் செய்தான். ஜன்னல் விளிம்பிலிருந்த செங்கல் நிற நெயில் பாலிஷை எடுத்து, மூடியைத் திருகி, பிரஷ்ஷை வழித்து, ரெகுலேட்டரின் திருகுக்கு மேலே கொண்டுவந்தான்.

அஸ்வினி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சீலு வெக்காத. இனிமே நான் தெனமும் தொறந்து பாத்துப்பேன்" என்றாள்.

பாட்டிலை அவன் கையிலிருந்து வாங்கி மூடி, தன்னுடைய பைக்குள் போட்டுக்கொண்டாள்.